வெட்டின கைதான் துடைக்கணும்

அருண்பாண்டி காலை ஐந்தரைக்கு எழுவான். மோட்டாரைப் போட்டு மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவான். அடுப்பில் பால் சேர்க்காத கட்டன் சாயாவுக்கு வைத்துவிட்டு, சுவரில் காந்தப் பட்டையில் ஒட்டியிருக்கும் கத்திகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைப்பான். பழைய வேட்டித் துணியை நாலாக மடித்து, முதுகுப் பக்கமாகப் பிடித்து, பிடியிலிருந்து நுனிவரை ஒரே இழுப்பு. பிறகு இரண்டு சொட்டு எண்ணெய். அதற்குள் சாயா கொதித்திருக்கும். நின்றபடியே குடிப்பான். தம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பான். சமையல் மேடையில், வெட்டுப்பலகையின் மேல் கிடக்கும் கத்தியை மட்டும் தொடமாட்டான். அதன் அலகில் எலுமிச்சைச் சாறு படர்ந்திருந்தது. நுனிக்குச் சற்று மேலே ஒரு விதை ஒட்டியிருந்தது. சாறு ஈரமாகவே இருந்தது. அந்த எலுமிச்சையை நறுக்கிய மாதுரி இறந்து அப்போது ஏழு மாதம் ஆகியிருந்தது.

மாதுரி அவன் மனைவி. மட்டாஞ்சேரியிலேயே பிறந்தவள். தெருக் கூட்டும் வேலைக்காக அவளுடைய கொள்ளுத்தாத்தாவைத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அழைத்து வந்தார்களாம். கூட்டி முடியவில்லை, அதனால் குடும்பம் இங்கேயே தங்கிவிட்டது என்பாள். வீட்டில் தமிழ் பேசுவாள், மலையாளத்தில் எழுதுவாள், தமிழ்ப் பத்திரிகையை எழுத்துக் கூட்டிப் படித்து நாலு வரியில் களைத்துப்போவாள். அருண்பாண்டி திருப்பாச்சேத்திக்காரன். இயந்திரவியல் படித்துவிட்டு, கப்பல் பழுதுபார்க்கும் ஒரு ஒப்பந்தக்காரரிடம் மேற்பார்வையாளனாக வந்தவன். ஊர்ப் பெயரைச் சொன்னதும் அரிவாள் அடிக்கிற பரம்பரையா என்று கேட்பார்கள். அவன் அப்பா பேருந்து நடத்துநர். குடும்பத்தில் யாரும் சுத்தியல் பிடித்ததில்லை. கத்தி செய்வதை அவன் கைப்பேசியில் காணொளி பார்த்துத்தான் கற்றான். பழைய லாரியின் வில்பட்டையை வாங்கி, அறுத்து, தேய்த்து, காந்தம் ஒட்டாமல் போகும் சூட்டுக்குக் காய்ச்சி, எண்ணெயில் முக்கி எடுத்தான். முதல் கத்தி பப்பாளிக்கே வளைந்துவிட்டது. இரண்டாவது கீழே விழுந்து கண்ணாடியைப் போல உடைந்தது. மூன்றாவதை மாதுரி வாங்கினாள். மறுநாளே திரும்பக் கொண்டுவந்தாள்.

“கத்தி கொள்ளாம், நல்லாருக்கு. பிடி யாருக்குச் செஞ்சது? குரங்குக்கா?” என்று கேட்டாள்.

அவன் பதில் யோசிப்பதற்குள் மேசையில் கிடந்த அரத்தை எடுத்து உட்கார்ந்து அவளே பிடியைத் தேய்க்கத் தொடங்கினாள். மாலைவரை தேய்த்தாள். முடிந்தபோது அந்தப் பிடி அவள் கைக்குள் மட்டும் அடங்கியது. அவன் பிடித்தால் சுண்டுவிரல் வெளியே நின்றது. ஓர் ஆண்டில் திருமணம் நடந்தது. அந்த மூன்றாவது கத்திதான் கடைசிவரை அவளுடைய சமையல் கத்தி. பிறகு அவன் எவ்வளவோ நல்ல கத்திகள் செய்தான். அவள் மாற்றிக்கொள்ளவில்லை.

அவர்கள் கடைத்தெருவுக்குப் பின்னால், அரிசி வியாபாரம் நின்றுபோன ஒரு பாண்டிகசாலைக் கிடங்கில் வாடகைக்கு இருந்தார்கள். முன்பாதி பட்டறை, பின்பாதி வீடு. மழைநாளில் சுவரிலிருந்து பழைய மிளகு வாசனை வரும். அலகு அருண்பாண்டியின் வேலை, பிடி மாதுரியின் வேலை. அளவெடுக்க அவள் அளவுகோல் வைத்துக்கொள்ளவில்லை. எதிரே பொரோட்டாக் கடை நடத்தும் ஷிபுவிடம் மைதா மாவு வாங்கி, உப்பும் வேப்பெண்ணெயும் பிசைந்து, கத்தி கேட்டு வருகிறவர் கையில் ஓர் உருண்டை கொடுப்பாள். மீன் வெட்டுகிறவர் மீன் வெட்டுவது போலவும், வெங்காயம் அரிகிறவர் அரிவது போலவும் அதை இறுக்கிப் பிடிக்க வேண்டும். விரல் பதிந்த மாவைக் காயவைத்து, அதைப் பார்த்துப் பார்த்து ஈட்டி மரத்திலோ அயினி மரத்திலோ பிடி செதுக்குவாள். அலமாரியில் வரிசையாக மாவுப் பிடிகள் இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் மலையாளத்தில் பெயர். “என்டெ மாவு பொரோட்டாவுக்கா, கைரேகை பாக்கவா, அண்ணாச்சி?” என்று ஷிபு கேட்பான். பெங்களூரிலிருந்து ஒருவர் நேரில் வர நேரமில்லை என்று மாவைப் பிடித்துத் தபாலில் அனுப்பினார். ஈஸ்ட் போட்ட மாவு. வழியிலேயே உப்பி, ராட்சதன் கை அளவுக்கு வந்து சேர்ந்தது. மாதுரி மறுபேச்சில்லாமல் அந்த அளவுக்கே பிடி செய்தாள். அந்தக் கத்தி இப்போதும் சுவரில் இருக்கிறது. அதற்கான கை இன்னும் வரவில்லை.

கத்தி விற்கும்போது அவர்களிடம் இரண்டு வழக்கங்கள் இருந்தன. ஒன்று, கையிலிருந்து கைக்குக் கொடுப்பதில்லை. பலகையில் வைப்பார்கள், வாங்குகிறவர் எடுத்துக்கொள்ள வேண்டும். இது எல்லா ஊரிலும் உள்ளதுதான். இன்னொன்று மாதுரி உண்டாக்கியது. “வெட்டின கைதான் துடைக்கணும்” என்று வாங்குகிறவர் ஒவ்வொருவரிடமும் தமிழிலும் மலையாளத்திலும் சொல்வாள். காரணமும் சொல்வாள். இது துருப்பிடிக்கும் எஃகு. எலுமிச்சை வெட்டினால் உடனே துடைக்க வேண்டும், குடம்புளி என்றால் கழுவித் துடைக்க வேண்டும், பலாப்பிசின் என்றால் முதலில் எண்ணெய். என்ன வெட்டியது என்று வெட்டிய கைக்குத்தான் தெரியும். அடுத்தவர் தலையில் கட்டினால் அலகும் கெடும், துடைக்கிறவர் விரலும் போகும். வீட்டிலும் அந்தச் சட்டம் மாறவில்லை. காய்ச்சல் நாளில்கூட அவள் வெட்டியதை அவளே துடைத்தாள். ஒருமுறை அவன் தக்காளி வெட்டிவிட்டுக் கத்தியை அப்படியே வைத்துப் போனான். மாலையில் திரும்பி வந்தபோது அலகில் கறை படிந்து காத்திருந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். பூசும் எண்ணெய்க்கு, மருந்துக் கடையில் வயிறு இளகுவதற்கு விற்கும் பாரஃபின் எண்ணெயைப் புட்டிப் புட்டியாக வாங்குவார்கள். மருந்துக் கடைக்காரர் ஒருநாள் மாதுரியைத் தனியாக அழைத்து, “சேச்சி, சேட்டனை டாக்டர்கிட்ட காட்டுறது நல்லது” என்றார். அவள் அதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்தாள்.

மலையாளத்தில் இடவம் என்று சொல்லும் வைகாசித் தொடக்கத்தில், பிடியில் அறையும் பித்தளைக் கம்பி தீர்ந்துபோனதால், அவள் அக்கரைக் கடைவீதியான பிராட்வேக்குப் போனாள். வெயில் கடுமையாக இருந்தது. ஓர் எலுமிச்சையை நறுக்கி, பாட்டிலில் பிழிந்து, உப்புப் போட்டு எடுத்துக்கொண்டாள். மட்டாஞ்சேரிப் படகுத்துறையிலிருந்து போட்டில் அக்கரை போனாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், அவள் வழியெல்லாம் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்ததாகவும், ஒரு வார்த்தை பேசவில்லை என்றும் பின்னால் சொன்னாள். கம்பிக் கடையில் அவள் மாதிரிக்குக் கொண்டுபோன பழைய ஆணியை மேசையில் வைத்தாள். கடைக்காரர் அதே கனத்தில் கம்பியைத் தேடி உள்ளே போனார். திரும்பி வந்தபோது அவள் முக்காலியில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்திருந்தாள். பாட்டில் உருண்டு வாசல்வரை போயிருந்தது. மூளையில் ஒரு நரம்பு வெடித்துவிட்டது என்று மருத்துவர் சொன்னார். அவளுக்கு இருபத்தொன்பது வயது. பாட்டிலில் பாதி மீதி இருந்தது.

கத்தியில் ஈரம் காயாததை முதலில் யாரும் கவனிக்கவில்லை. இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் மட்டாஞ்சேரியில் எதுவும் காயாது. பதினாறாம் நாள் சமைக்க வந்த பெண்கள் பலகையை நகர்த்தப் போனபோதுதான் அருண்பாண்டி வாயைத் திறந்தான். அதைத் தொட வேண்டாம் என்றான். ஏன் என்று கேட்டார்கள். போகும்போது அவள் “தொடாதீங்க, நான் வந்து தொடச்சிக்கிறேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள் என்றான். பெண்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். மாதுரியின் அம்மா காளியம்மை அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதார். அன்றிலிருந்து அவர் தன் வீட்டுக்குப் போகவில்லை. நகரசபையில் கூட்டுகிற வேலை முடிந்ததும் நேராக இங்கே வந்து, கத்திக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டார்.

சிங்க மாதம், ஆவணியில், வெயில் அடித்தது. தெருவில் அப்பளம் காய்ந்தது, மிளகாய் காய்ந்தது, மழையில் உப்பிய கதவுகள் சுருங்கிச் சாத்த முடிந்தது. கத்தி காயவில்லை. அருண்பாண்டி படித்தவன் என்பதால் முதலில் காற்று வீசச் செய்து பார்த்தான். மின்விசிறியை அதன் பக்கம் திருப்பி ஒரு வாரம் ஓடவிட்டான். மின்கட்டணம் கூடியது. எலுமிச்சை பட்டால் இந்த எஃகு அரைமணியில் கறுக்கும், மறுநாள் அரிக்கத் தொடங்கும். இது கறுக்கவும் இல்லை. அலகு அன்று காலையில் துடைத்தது போலவே இருந்தது. அதன் மேல் சாறு மட்டும். குனிந்தால் வாசனை வந்தது. அவன் குனிவதைக் குறைத்துக்கொண்டான்.

அந்தக் கத்திக்கு வரவேண்டிய துரு வேறிடங்களுக்குப் போனது. அவன் செய்து விற்ற கத்திகள் எல்லாவற்றிலும், நுனியிலிருந்து இரண்டு விரல் தள்ளி, எலுமிச்சையின் அரைவட்டம் போல ஒரு பழுப்பு விழுந்தது. தேய்த்தால் போனது, காலையில் திரும்ப வந்தது. சாம்பல் போட்டார்கள், செங்கல் பொடி போட்டார்கள், ஒருவர் கத்தியைப் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோய் ஓதிவாங்கி வந்தார். துரு எலுமிச்சை வாசனை அடித்தது. பிரியாணிக்கடைக்காரர் இறைச்சியில் யாரோ எலுமிச்சை பிழிவதாகச் சமையல்காரரிடம் சண்டை போட்டார். அடுமனைக்காரருக்கு மட்டும் லாபம். அவருடைய சாதா கேக்கில் எலுமிச்சை மணம் ஏறி, திருப்பூணித்துறையிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். அருண்பாண்டி கத்திகளைப் பதப்படுத்துவது அவருடைய போர்மா அடுப்பில்தான், காலை ரொட்டி இறங்கிய பிறகு. அதனால் அவர் புகார் சொல்லவில்லை. மற்றவர்கள் கொண்டுவந்து போட்டார்கள். அவன் தேய்த்துக் கொடுத்தான், புது அலகு மாற்றிக் கொடுத்தான், துருப்பிடிக்காத எஃகிலும் செய்து கொடுத்தான். துருப்பிடிக்காத எஃகும் துருப்பிடித்தது. விலை அதேதான்.

காரணம் எது என்று கடைத்தெருவுக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. ஆனால் யாரும் அவனிடம் துடை என்று சொல்லவில்லை. வெட்டின கைதான் துடைக்க வேண்டும் என்று எல்லாரிடமும் சொல்லியே விற்றிருந்தார்கள். வெட்டின கை எங்கே இருக்கிறது என்றும் எல்லாருக்கும் தெரியும். அவள் கடைசியாகச் சொன்னது என்ன என்பது பற்றி மட்டும் பேச்சு வளர்ந்தது. சாயங்காலத்துக்கு நாலு பொரோட்டா எடுத்து வை என்று தன்னிடம்தான் கடைசியாகச் சொன்னாள் என்றான் ஷிபு. அது அதற்கு முந்தின நாள் சொன்னது என்று அவன் மனைவி திருத்தினாள். அம்மாவைப் பார்த்துக்கொள் என்று சொன்னாள் என்று சிலர் காளியம்மையிடம் சொன்னார்கள். அவர் நம்பவில்லை.

“எம் பொண்ணு அப்படியெல்லாம் பேசமாட்டா. வந்து தொடச்சிக்கிறேன்னா, வருவா. அவ சொன்னா சொன்னதுதான். நீ மட்டும் அதத் தொட்ராத மாப்ளே” என்றார்.

“தொடல அத்தே.”

“யாரு கேட்டாலும்.”

“சரி அத்தே.”

காளியம்மை தினமும் மகளுக்கும் ஒரு தட்டு வைத்தார். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்வார்கள். பிறகு ஒரே நேரத்தில் குனிந்து சாப்பிடுவார்கள். கன்னி, துலாம், விருச்சிகம் என்று மாதங்கள் போயின. அவன் வேலை செய்தான். பிடிகளை மட்டும் நேராக, எல்லாருக்கும் ஒரே அளவில் செய்தான். வாங்கினவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள். இரண்டாவது கத்தி கேட்டு யாரும் வரவில்லை.

ஷைலஜா தனு மாதத்தில், மார்கழிக் குளிரில், ஒரு காலை வந்தார். அவர் மீன் விற்கிறவர். இளம் வயதில் இறால் பதப்படுத்தும் கொட்டகையில் இயந்திரத்தில் சிக்கி வலது கைக் கட்டைவிரல் பாதியும் ஆள்காட்டி விரல் முழுதும் போனவர். பிறகு பல ஆண்டுகள் அவரால் கத்தி பிடிக்க முடியவில்லை. மீனை முழுதாகத்தான் விற்றார். வெட்டித் தராத மீனை வாங்குகிறவர்கள் குறைவு. மாதுரிதான் அவர் கையில் மாவைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னாள். முதல் மாவு நழுவியது. இரண்டாவதும் நழுவியது. அன்று ஷிபுவின் கடையில் மாவே தீர்ந்துபோனது என்பார்கள். கடைசியில் மாதுரி, இல்லாத விரலின் இடத்தில் மரத்தை வளரவிட்டு, கைக்கு எது இல்லையோ அதைப் பிடியே வைத்திருக்கும்படி ஒரு பிடி செய்தாள். அந்தக் கத்தியால் ஷைலஜா நெய்மீனைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டினார். இரண்டு பெண்களைக் கல்லூரிக்கு அனுப்பினார்.

அவர் கத்தியைக் கொண்டுவந்து பட்டறை மேசைப் பலகையில் வைத்தார். அலகு அந்த அரைவட்டத்தில் அரித்து அரித்து, வெளிச்சம் தெரியும் அளவுக்கு மெலிந்திருந்தது. அருண்பாண்டி அதற்கு மூன்று முறை அலகு மாற்றியிருந்தான். ஒவ்வொரு முறையும் பழைய பிடியிலிருந்து ஆணியைத் தட்டி எடுக்க வேண்டியிருந்தது. மரத்தில் துளை பெரிதாகி, விரிசல் பிடிமுழுதும் ஓடியிருந்தது. இன்னொரு தடவை தட்டினால் பிடி இரண்டாகும். அதே போல் இன்னொன்று செய்யத் தெரிந்த கை இல்லை. அவன் முயன்று பார்த்திருந்தான். மாவு அச்சு அலமாரியில்தான் இருந்தது. அச்சைப் பார்த்துச் செய்த பிடிகள் எல்லாம் அவர் கையில் நழுவின.

“இது கடைசி, மோனே. ஒரு மாசம் தாங்குமா?” என்று கேட்டார்.

அவன் விரலால் அலகைத் தொட்டுப் பார்த்தான். “தாங்காது சேச்சி.”

“நான் இத வாங்கின அன்னைக்கே கேட்டேன், மோளே, இது எத்தன வருஷம் இருக்கும்னு. நீங்க தொடச்சு வெச்சா உங்க பேரன் மீன் வெட்டுவான்னா. நான் ஒருநாளும் தொடைக்காம வெச்சதில்ல. கேட்டுக்கோ.”

“தெரியும் சேச்சி.”

“பின்னே என்டெ கத்திக்கு எதுக்கு இந்தத் துரு?”

 ஷைலஜா சமையல் மேடைப் பக்கம் பார்த்தார். அங்கே கத்தி ஈரமாகக் கிடந்தது. காளியம்மை அதன் முன் எழுந்து நின்றார்.

“அவ வருவா. அவதான் தொடைக்கணும்” என்றார் காளியம்மை.

“நான் தொடைக்கச் சொல்லல்லியே, அக்கா. அவ கை பட்டது எனக்கும் ஒண்ணு இருக்கு. இதும் போகுது. அதச் சொல்ல வந்தேன்.” ஷைலஜா மெதுவாகத்தான் பேசினார். பிறகு அருண்பாண்டியிடம் திரும்பினார். “சத்யமா சொல்லு, மோனே. அவ போகும்போது எந்தா சொன்னது?”

“தொடாதீங்க, நான் வந்து தொடச்சிக்கிறேன்னு.”

“அது அவ சொன்னதா, நீ சொன்னதா?”

சாயா கொதித்து வழிந்தது. அவன் போய் அடுப்பை அணைத்தான்.  ஷைலஜாவின் கத்தி பட்டறை மேசையில் கிடந்தது. அதன் பிடியில், இல்லாத விரலுக்காக மாதுரி விட்டுவைத்த மேடு கறுத்து வழவழப்பாகியிருந்தது. அவன் வேட்டித் துணியை எடுத்து நாலாக மடித்தான். காளியம்மை, “மாப்ளே” என்றார். அவன் கத்தியைக் கையில் எடுத்தான். ஏழு மாதத்தில் முதல்முறையாக. சுண்டுவிரல் பிடிக்கு வெளியே நின்றது. முதுகுப் பக்கமாகத் துணியை வைத்து, பிடியிலிருந்து நுனிவரை ஒரே இழுப்பாக இழுத்தான். விதை துணியோடு வந்தது. மறுபக்கம் திருப்பித் துடைத்தான். இரண்டு சொட்டு எண்ணெய் விட்டான். சுவரில் காந்தப் பட்டையில், அது இருக்க வேண்டிய இடத்தில் ஒட்டினான். டக் என்று சத்தம் கேட்டது.

காளியம்மை அவன் தோளில் அடித்தார், முதுகில் அடித்தார். “இனி எதுக்கு வருவா? இனி அவளுக்கு இங்க என்ன இருக்கு?” என்று கேட்டார். அவன் நின்றுகொண்டிருந்தான்.  அடித்து ஓய்ந்ததும் அவர் பாயைச் சுருட்டி, தன் வீட்டுக்குப் போக வாசலில் வைத்தார். பிறகு அவன் சாப்பிடவில்லை என்பது நினைவு வந்து, கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு, பாயை மறந்துவிட்டுப் போனார். அன்று ஷைலஜாவின் கத்தியில் துரு ஏறவில்லை. பிரியாணியில் எலுமிச்சை மணக்கவில்லை. அடுமனைக்காரர் மட்டும் மறுநாள் கேக்கை முகர்ந்து பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

மறுநாள் அருண்பாண்டி ஐந்தரைக்கு எழுந்தான். மோட்டாரைப் போட்டான். அடுப்பில் சாயாவுக்கு வைத்தான். மேடையில், வெட்டுப்பலகையின் மேல், மாதுரியின் கத்தி கிடந்தது. காந்தப் பட்டையில் அதன் இடம் காலியாக இருந்தது. அலகில் எலுமிச்சைச் சாறு படர்ந்திருந்தது. நுனிக்குச் சற்று மேலே ஒரு விதை. அவன் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது பாயை எடுத்துப்போகக் காளியம்மை வந்தார். அவரும் பார்த்தார். விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

“புளிக்குது” என்றார்.

 முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, விளக்குமாற்றை எடுத்துப் பட்டறையைக் கூட்டத் தொடங்கினார். அவன் துணியை மடித்தான்.

அது நடந்து இப்போது மூன்று ஆண்டு ஆகிறது. கத்தி தினமும் காலையில் நனைந்திருக்கிறது, அவன் தினமும் துடைத்து மாட்டுகிறான். துடைக்க மறந்த நாள் இல்லை என்பதால், மறந்தால் துரு திரும்புமா என்று யாருக்கும் தெரியாது. கோயம்புத்தூரில் கத்திக் கண்காட்சிக்குப் போனபோது துணியில் சுற்றிப் பையில் கொண்டுபோனான். விடிந்ததும் விடுதி மேசையில் ஈரமாகக் கிடந்தது, துடைத்தான். எலுமிச்சை விலை ஏறினபோது, அண்ணாச்சிக்கு மட்டும் சும்மா கிடைக்கிறது என்று ஷிபு சொன்னான். பிறகு அதைச் சொன்னதற்காகத் தானே வருத்தப்பட்டு ஒரு தட்டு பொரோட்டா அனுப்பினான். விதைகளைக் காளியம்மை வாங்கிப்போய்த் தன் வீட்டுப் பின்புறத்தில் ஊன்றுகிறார். எதுவும் முளைக்கவில்லை. அவர் ஊன்றுவதை நிறுத்தவில்லை. ஷைலஜாவின் கத்தி மெலிந்தபடியே நிற்கிறது, மேற்கொண்டு மெலியவில்லை. போன ஓணத்துக்கு அவர் மூத்த மகளையும் கூட்டிக்கொண்டு, அவளுக்கு ஒரு கத்தி கேட்டு வந்தார். அருண்பாண்டி மாவு உருண்டை பிசைந்து கொடுத்தான். பிடி சுமாராக வந்தது. பலகையில் வைத்து, வெட்டின கைதான் துடைக்கணும் என்று சொன்னான். அந்தப் பெண் சமையல் மேடைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, சரி சேட்டா என்று எடுத்துக்கொண்டாள்.

மாதுரி கடைசியாகச் சொன்னது பற்றிக் கடைத்தெருவில் இன்னும் பல விதமாகப் பேசுகிறார்கள். போட்டில் அவள் பேசவில்லை. கம்பிக் கடையிலும் பேசவில்லை. பேசியது வீட்டு வாசலில். பட்டறையில் தேய்ப்பு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அருண்பாண்டி அதை நிறுத்தி, என்ன என்று கேட்டான். அவள் ஒரு கையில் பாட்டிலுடன், சுவரைப் பிடித்துக்கொண்டு செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். உண்மையில் அவள் சொன்னது இதுதான்:

“சேட்டா, போட்டுக்கு நேரமாச்சு. இன்னைக்கு ஒரு நாள் நீங்க தொடச்சு வெச்சிருங்க.”